ங்

வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபம்
மாராத்தாள் வீட்டில்.
ஞானஸ்நானப் பதிவேட்டில் மார்த்தாள் என்றுதான் எழுதினோம்.
சோமனூர் வாய்
அந்தத் துணைக்காலை விட்டுக்கொடுக்கவில்லை.

லைன் வீட்டில் மூன்றாவது கதவு.
சுவருக்கு அந்தப்பக்கம் பதினாறு தறி.
நாடா அடிக்கிற அடியில்
ஆணியில் தொங்கும் சிலுவை லேசாக ஆடிக்கொண்டே இருக்கும்.
அந்தச் சத்தத்தின்மேல் ஏறி நின்று
ஜெபிக்கப் பழகிய தொண்டை எனது.
பதினோரு வருஷம் சபைச் செயலாளர்.
"உங்க ஜெபத்துக்கு ஆமென் சொல்லவே
கருமத்தம்பட்டியிலிருந்து வர்றோமுங்"
என்று ஒருவர் சொன்னார்.
சொன்னவர் பெயர், சொன்ன தேதி,
அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டை
எல்லாம் நினைவிருக்கிறது.

அறையில் ஒரே ஒரு நாற்காலி.
சிவப்பு பிளாஸ்டிக், கால் ஒன்றுக்குக் கம்பிக் கட்டு.
அதில் நான்.
பக்கத்து முக்காலியில்
தட்டு மூடிய ஒரு சொம்புத் தண்ணீர்.
வாராவாரம் இப்படித்தான்.
பாதி ஜெபத்தில் தொண்டை வறளும்போது
எடுத்து அண்ணாந்து குடிப்பேன்.
யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

அன்றைக்கும் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.
சர்வ வல்லமையும்
சகல துதிக்கும் பாத்திரமும்
கேருபீன்கள்மேல் வாசம்பண்ணுகிறவருமாகிய
மகா உன்னத

கரண்ட் போனது.

பதினாறு தறியும் ஒரே மூச்சில் நிற்க
என் குரல் மட்டும்
உடுப்பில்லாமல் நடுவீட்டில் நின்றது.
தெருவில் ஒரு நாய் அதற்குப் பதில் சொன்னது.
வாயை மூடினேன்.

அப்போதுதான் கேட்டது.
இத்தனை வெள்ளிக்கிழமையும்
என் சத்தத்துக்கும் தறிச் சத்தத்துக்கும் அடியில்
ஓடிக்கொண்டிருந்த ஒன்று.
தறி நின்றது அவளுக்குத் தெரியவில்லையோ,
பேச்சைப் பாதியில் முறிப்பது
மரியாதை இல்லை என்று இருந்தாளோ.

"வாங் சாமி, வாங்.
நாற்காலில உக்காருங்.
தண்ணி மூடி வெச்சிருக்கறனுங்,
குடிச்சுப்போட்டுச் சித்த இருங்.
உங்களுக்கும் ஆயிரஞ் சோலி இருக்குமுங்.
தார் சுத்திச் சுத்தி இந்தக் கைதானுங்,
ராத்திரியில வெரல மடக்க முடியறதில்லீங்.
பாத்துச் செய்யுங்.
முடியாட்டிப் பரவால்லீங்,
நீங்க வந்ததே போதுமுங்."

இருட்டில் நான்
அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.
அவருடைய தண்ணீர்
என் வயிற்றில் குளிர்ந்துகொண்டிருந்தது.
எத்தனை வாரம்,
எத்தனை சொம்பு.
அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
உட்கார்ந்தவரை எழுப்புகிற வழக்கம்
அவள் பிறந்த பக்கத்தில் இல்லை.

மெல்ல வழுக்கித் தரைக்கு இறங்கினேன்.
கம்பிக் கட்டு கிரீச்சிட்டது.

"உக்காந்துட்டீங்களா,"
என்றாள் மாராத்தாள்.
"நல்லதுங்."

சிமெண்ட் தரையில் பஞ்சுத் தூசி.
ஐம்பத்திரண்டு வயதில்
முழங்காலுக்கு இப்படி ஒரு ஜில்லிப்பு உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
என் ஜெபத்தில் நீர் உண்டு, உமது உண்டு,
பரலோக இலக்கணம் அத்தனையும் உண்டு.
பால்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும்
தினம் நூறு முறை சொல்கிற அந்த ஒற்றை எழுத்து,
வளைந்து, கால் மடக்கி,
சொல்லின் கடைசியில் போய் உட்காருகிற அது,
அதற்கு மட்டும் இடமில்லாமல் இருந்தது.

சொல்லிப் பார்த்தேன்.
மூக்கு வரைக்கும் வந்தது,
நின்றுவிட்டது.

கரண்ட் வந்தது.
பதினாறு தறியும் எழுந்தன.
சிலுவை ஆடத் தொடங்கியது.
வெளிச்சத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்,
தரையில் எதையோ தொலைத்துவிட்டேன் என்று
ஒரு பையன் டார்ச் அடித்துத் தேடினான்.
மாராத்தாள் கண்ணைத் திறந்து
"அய்யய்யோ, மேல உக்காருங்" என்று பதறி
காலிச் சொம்பை நிரப்பப் போனாள்.

அந்த இரைச்சலில்,
எனக்கே கேட்காத அளவுக்கு,
மன்னிச்சுக்குங் என்றேன்.